பத்து மணிக்கு நிக்காஹ்

மிஜு: இரு, இன்னொரு தடவ இழுத்துப் பாக்கறேன்...

ஹாசிரு: பதினஞ்சு தடவ இழுத்தாச்சுடா. மோட்டார் கயிறு அறுந்து கையோட வந்துடப் போகுது.

மிஜு: இப்ப ஒரு சத்தம் கேட்டுச்சுல்ல? டுர்ருன்னு...

ஹாசிரு: அது உன் வயிறு.

மிஜு: காலையில ஒண்ணும் சாப்பிடல மச்சான். கல்யாண வீட்டுல மீன் சுட்டு வெச்சிருப்பாங்கன்னு இடம் விட்டு வெச்சேன்.

ஹாசிரு: டாங்க்கைத் திற. பெட்ரோல் இருக்கா பாரு.

மிஜு: இருக்கும், இல்லாம எங்க போகும்... அட.

ஹாசிரு: என்ன அட?

மிஜு: காலி.

ஹாசிரு: சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும். இழுத்தானாம் இழுத்தான்!

மிஜு: ஆனா... இங்கயா நின்னுச்சு? இங்க நிக்கக் கூடாதே!

ஹாசிரு: வேற எங்க நிக்கணும்?

மிஜு: எங்கயுமே நிக்கக் கூடாதுன்னு சொல்றேன்டா. குடையாதே.

ஹாசிரு: பெட்ரோல் ஊத்தினது யாரு?

மிஜு: நான்தான்.

ஹாசிரு: அம்பத்திரண்டு வயசுல எனக்கு ஒரே ஒரு கல்யாணம். அதுக்கு உன்னைத் துணை மாப்பிள்ளையா கூட்டிட்டு வந்தேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும். மணி என்ன?

மிஜு: ஒன்பது பத்து.

ஹாசிரு: பத்து மணிக்கு நிக்காஹ். பத்தரைக்கெல்லாம் காஜி மலைக்கு அந்தப் பக்கம் அடுத்த நிக்காஹுக்குக் கிளம்பிடுவாரு.

மிஜு: காஜியை விடு. காபி கொடுத்து உக்கார வெச்சிடுவாங்க. நுரிமாவை நினைச்சாத்தான்...

ஹாசிரு: பத்து மணிக்கு நான் அவ ஊர்த் துறையில கால் வெக்கலன்னா கதவைச் சாத்திடுவேன்னு சொன்னா. இன்னொரு தடவ காத்திருக்க மாட்டாளாம்.

மிஜு: ஏதோ கோவத்துல சொல்லியிருப்பா.

ஹாசிரு: உன் சித்தப்பா பொண்ணுதானே? சும்மா சொல்றவளா அவ?

மிஜு: இல்ல... சொன்னா செய்வா.

ஹாசிரு: ஊர் சனம் மொத்தமும் பெரிய படகுல ஏழு மணிக்கே போயாச்சு. நாம மட்டும் இந்த வள்ளத்துல பின்னாடி வருவோம்னு சொன்ன பெரிய மனுஷன் யாரு?

மிஜு: நீ.

ஹாசிரு: நானா? நீதானே சொன்ன!

மிஜு: சரி, ரெண்டு பேரும் சொன்னோம். இந்தா போன். நுரிமாகிட்ட நீயே சொல்லு, பெட்ரோல் தீந்துபோச்சு, லேட்டாகும்னு.

ஹாசிரு: வேணாம்.

மிஜு: ஏன், பேசத் தெரியாதா?

ஹாசிரு: அந்தக் காலத்துல படகுப் பந்தய ஏரி முகாம்ல இருந்து ஏழு தடவ போன் பண்ணி நிக்காஹ் லேட்டாகும்னு சொல்லியிருக்கேன். எட்டாவது தடவ என் வாயால வராதுடா.

மிஜு: அப்ப அந்தத் துடுப்பை எடு.

ஹாசிரு: எந்தத் துடுப்பு?

மிஜு: உன் பந்தயத் துடுப்பு ரெண்டும்தான். கல்யாண வீட்டு வாசல்ல குறுக்க மாட்டலாம்னு எடுத்துட்டு வந்தேன்ல? நாட்டுக்காக நீ போட்ட துடுப்பு, வாசலுக்கு எடுப்பா இருக்கும்னு...

ஹாசிரு: இது எதுல மாட்டி வலிக்கறது? உன் மூக்குலயா?

மிஜு: விளிம்புல ரெண்டு பக்கமும் கயிறு வளையம் இருக்கு பாரு.

ஹாசிரு: இது எதுக்கு இருக்கு?

மிஜு: மீன் கூடை கட்டறதுக்கு. கேள்வி கேக்கற நேரமா இது? சட்டையைக் கழட்டு. மடிப்பு கலைஞ்சா உங்க அக்கா என்னைத் தோலை உரிச்சுடுவாங்க.

ஹாசிரு: லுங்கி?

மிஜு: தூக்கிக் கட்டு. யப்பா... மச்சான், இந்தத் தொப்பை எப்ப வந்துச்சு? துடுப்புக் கட்டை இதைத் தாண்டி வருமா?

ஹாசிரு: விளையாட்டுத் துறை ஆபீஸ்ல பதினெட்டு வருஷம் நாற்காலி தேச்சதுக்குக் கெடச்ச பதக்கம்டா இது. எவ்வளவு தூரம் இருக்கு?

மிஜு: ரெண்டாயிரம் மீட்டர்.

ஹாசிரு: ரெண்டாயிரமா?

மிஜு: அளந்து வெச்ச மாதிரி. உன் பந்தய தூரம்!

ஹாசிரு: நீ சொன்னா சரி... உக்காரு. சுக்கானைப் பிடி.

மிஜு: பிடிச்சாச்சு. இழு... விடு... இழு... விடு... நீளமா இழு, தொப்பைக்குப் பயந்து பாதியில நிறுத்தாதே.

ஹாசிரு: வாயை மூடுடா!

மிஜு: பந்தயத்துல கத்தறதுக்குன்னே உக்காந்த சுக்கான்காரனை வாயை மூடச் சொல்றவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான். இழு... நினைவிருக்கா, பங்கலேங்கன் ஏரியில மொத நாள் தேர்வு?

ஹாசிரு: ஆரம்பிச்சுட்டியா?

மிஜு: எட்டு பேர் படகு. ஏழு பேர் பின்னாடி பாத்து உக்காந்திருக்காங்க. நீ மட்டும் முன்னாடி பாத்து, மார்பை நிமித்திக்கிட்டு, ராஜா மாதிரி உக்காந்திருக்கே.

ஹாசிரு: நம்ம ஊர்ல போற திசையைப் பாத்துத்தானேடா துடுப்பு போடுவாங்க? எங்கப்பா அப்படித்தான் மீனுக்குப் போனாரு. பத்தொன்பது வயசு. எவன் கண்டான் இந்தப் பந்தயக்காரங்க முதுகைக் காட்டிக்கிட்டுப் போவாங்கன்னு!

மிஜு: கோச் என்ன சொன்னாரு, சொல்லு.

ஹாசிரு: "இவன் ஒருத்தனுக்குத்தான் போற இடம் தெரியுது, ஆனா இவனால படகு போகாது"ன்னாரு.

மிஜு: ஹா ஹா... இழு, சிரிச்சா மூச்சு வீணாகும். அப்புறம் அந்தக் குளிர்! விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஏரியில பனி... ஒரே கம்பளிக்குள்ள ரெண்டு பேரும் ஒண்டிக்கிட்டு...

ஹாசிரு: உன் குளிர்ந்த காலைக் கொண்டாந்து என் வயித்துல வெப்பே.

மிஜு: அப்ப வயிறு சின்னதா இருந்துச்சு, இடம் பத்தல.

மீன்காரம்மா: ஏய், யாருப்பா அது? போற திசைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு? மோதிச் சாகப் போறீங்களா?

மிஜு: மாப்பிள்ளைம்மா! லம்போனாவுக்கு நிக்காஹுக்குப் போறோம்.

மீன்காரம்மா: மாப்பிள்ளையா? இவரா? தலையெல்லாம் நரைச்சுக் கெடக்கு! யாரு பொண்ணு?

மிஜு: நுரிமா. துணிக்கடை நுரிமா.

மீன்காரம்மா: அட, அந்தப் படகுக்காரனா இவரு! ஏம்ப்பா, இத்தனை வருஷமா வந்துக்கிட்டேதான் இருக்கியா? இன்னுமா வந்து சேரல?

ஹாசிரு: வந்துக்கிட்டே இருக்கேன்ம்மா...

மீன்காரம்மா: கயித்தைப் போடு. என் வள்ளத்துல கட்டி இழுத்துட்டுப் போறேன். கால் மணி நேரத்துல விட்டுடுவேன். மீன் நாத்தம் கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்கோ.

மிஜு: இல்ல... வேணாம்மா... அந்தக் கயிறு... அது கொஞ்சம் இத்துப்போன கயிறு...

ஹாசிரு: கயிறு நல்லாத்தான் இருக்கு. ஆனா வேணாம்மா. நான் துடுப்பு போட்டே போயிக்கறேன்.

மீன்காரம்மா: மணி ஒன்பது முப்பத்தஞ்சு ஆவுது. பொண்ணு வீட்டுல இலை போட்டு வெச்சுட்டுப் பாத்துக்கிட்டிருப்பாங்க. பைத்தியமா உனக்கு?

ஹாசிரு: ஆமாம்மா.

மீன்காரம்மா: நல்லாயிருங்க ரெண்டு பேரும். என்னமோ போங்க! நான் போய் வர்றாங்கன்னு சொல்லட்டா?

ஹாசிரு: சொல்லாதீங்க. ஒண்ணும் சொல்லாதீங்க.

மிஜு: ...போயிடுச்சு. ஏன்டா வேணாம்னு சொன்ன?

ஹாசிரு: நீ ஏன்டா கயிறு இத்துப்போச்சுன்ன?

மிஜு: இழு. பேசாம இழு.

ஹாசிரு: இன்னும் எவ்வளவு?

மிஜு: எழுநூறு.

ஹாசிரு: நம்ம ஊர்ப் பள்ளிவாசல் கோபுரம் எனக்கு இன்னும் கட்டைவிரல் அளவுக்குத் தெரியுது. எழுநூறுங்கறே!

மிஜு: வெயில்ல அப்படித்தான் தெரியும். கண்ணாடி போட்டிருக்கியா நீ? இல்லல்ல? அப்ப பேசாதே.

ஹாசிரு: கொரியாப் பந்தயத்துலயும் இப்படித்தான். கடைசிக் கட்டத்துல "இன்னும் பத்து இழுப்புதான், பத்தே பத்து"ன்னு கத்தினே. நான் எண்ணினேன். முப்பத்தெட்டு!

மிஜு: வெண்கலம் கெடச்சுதா இல்லையா?

ஹாசிரு: கெடச்சுது.

மிஜு: முப்பத்தெட்டுன்னு உண்மையைச் சொல்லியிருந்தா?

ஹாசிரு: இருபதாவதுலயே செத்திருப்பேன்... ஸ்ஸ்...

மிஜு: என்ன?

ஹாசிரு: உள்ளங்கை கிழிஞ்சுடுச்சு. ரத்தம்.

மிஜு: காட்டு. ஐயய்யோ... அந்தக் காலத்துல இந்தக் கையில ஆணி அடிச்சாலும் இறங்காது. இப்ப பாரு, புதுப் பொண்ணு கை மாதிரி. இந்தா, என் கைக்குட்டையைச் சுத்திக்கோ.

ஹாசிரு: மிஜு...

மிஜு: சொல்லு.

ஹாசிரு: திரும்பிடலாமா?

மிஜு: அடேய்! செவுள்ல ஒண்ணு விடுவேன்!

ஹாசிரு: நிஜமா பயமா இருக்குடா. பத்து மணிக்குப் போக முடியாது. எட்டாவது தடவையும் நான் அவளை நிக்க வெச்சுட்டேன்னு ஆயிடும். வராமயே இருந்துட்டா... வழியில படகு ரிப்பேர், முடியலன்னு...

மிஜு: வராமயே இருந்தா நல்லவனாயிடுவியா? எனக்கு ஒண்ணு சொல்லு. இருபத்தஞ்சு வருஷமா கேக்கணும்னு நினைச்சது. அப்ப ஏன் ஏழு சீசன் தள்ளிப் போட்டே? முகாம்ல லீவு கேட்டா கொடுத்திருப்பாங்க. வேற பசங்க எல்லாம் போய்க் கட்டிக்கிட்டுத்தானே வந்தாங்க?

ஹாசிரு: நல்லா இருந்துச்சுடா. அதான் உண்மை. எட்டுத் துடுப்பும் ஒரே நேரத்துல தண்ணியில விழும், படகு சத்தமே இல்லாம சர்ருனு போகும்... அந்தச் சுகத்தை விட்டுட்டு வர மனசு வரல. அவ எங்க போயிடப் போறா, இங்கதானே இருப்பான்னு நினைச்சேன்.

மிஜு: போயிட்டா.

ஹாசிரு: ஆமா. அவங்கப்பா துணிக்கடைக்காரருக்குக் கட்டிக் கொடுத்த அன்னைக்கு நான் ஏரியில கடிகாரம் வெச்சு வேகம் பாத்துக்கிட்டிருந்தேன். என் வாழ்க்கையிலயே அதிக வேகம் அன்னைக்குத்தான் வந்துச்சு. கோச் தட்டிக் கொடுத்தாரு. சாயங்காலம் சேதி வந்துச்சு.

மிஜு: தெரியும். நீ அன்னைக்குச் சோறு திங்கல. உன் பங்கையும் நான்தான் தின்னேன்.

ஹாசிரு: சுக்கான்காரன் எடை ஏறக் கூடாதுன்னு உன்னைப் பட்டினி போட்டிருந்தாங்கல்ல?

மிஜு: அதான் தின்னேன். உன் சோகத்துல எனக்கு ஒரு நல்ல சாப்பாடு!

ஹாசிரு: போடா டேய்... அவளும் பாவம், அந்த மனுஷனோட நல்லாத்தான் வாழ்ந்தா. அவரு போய் ஆறு வருஷம். போன வருஷம் என் ஆபீசுக்கு வந்து நின்னா பாரு, பையனோட படகுத் தேர்வு விண்ணப்பத்தைக் கையில வெச்சுக்கிட்டு... கையெழுத்துப் போட மாட்டேன்னு சண்டை போட வந்தா! "எங்க குடும்பத்துக்கு ஒரு படகுக்காரன் செஞ்சது போதும்"னு மேசையில அடிச்சா.

மிஜு: நீ என்ன சொன்ன?

ஹாசிரு: டீ குடிக்கிறியான்னு கேட்டேன்.

மிஜு: வேற என்ன கேப்ப நீ! சரி, டீயில ஆரம்பிச்சது நிக்காஹுல வந்து நிக்குது. இப்ப திரும்பலாமாங்கறியா? இழுடா மாட்டுப் பயலே!

ஹாசிரு: இழுக்கறேன்... இழுக்கறேன்...

மிஜு: அப்படித்தான். முதுகை வளைக்காதே. கரையோரமா விடறேன், அங்க நீரோட்டம் நமக்குச் சாதகம். பாத்தியா, வள்ளம் வழுக்கிக்கிட்டுப் போகுது!

ஹாசிரு: மணி?

மிஜு: ஒன்பது அம்பத்தி... ஏழு.

ஹாசிரு: இன்னும்?

மிஜு: முன்னூறு.

ஹாசிரு: முன்னாடி எழுநூறு சொன்னே. அதுக்கப்புறம் நான் இருநூறு இழுப்பாவது போட்டிருப்பேன்.

மிஜு: எண்ணாதேன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்! எண்ணறது என் வேலை, இழுக்கறது உன் வேலை.

ஹாசிரு: மிஜு.

மிஜு: ம்.

ஹாசிரு: உன் மூஞ்சி சரியில்ல. எத்தனையோ வருஷம் எதிர்ல உக்காந்து பாத்த மூஞ்சி. சொல்லு.

மிஜு: ...மச்சான், மணி பத்து ஆயிடுச்சு. இப்பத்தான் ஆச்சு. இன்னும் அறுநூறு மீட்டர் இருக்கு. நிஜமாவே அறுநூறு.

ஹாசிரு: அப்ப நாம நின்ன இடம்?

மிஜு: நாலாயிரத்துக்குக் குறையாது. மன்னிச்சுடு.

ஹாசிரு: தெரியும்.

மிஜு: தெரியுமா?

ஹாசிரு: பின்னாடி பாத்து உக்காந்திருக்கேன்டா. கிளம்பின கரை என் கண்ணு முன்னாலயே கெடக்கு. எவ்வளவு வந்தேன்னு எனக்குத் தெரியாதா?

மிஜு: அப்புறம் ஏன் எவ்வளவு எவ்வளவுன்னு என்னைக் கேட்டே?

ஹாசிரு: நீ சொன்னாத்தான் கை ஓடுது. பழக்கம்.

மிஜு: அப்ப இன்னும் பத்து இழுப்புதான். பத்தே பத்து!

ஹாசிரு: ஹா... சரி. பத்து.

மிஜு: ஒண்ணு... ரெண்டு... மச்சான், கல்யாண வீட்டுப் பந்தல் தெரியுது. மஞ்சள் துணி. துறையில...

ஹாசிரு: நிறுத்து! சொல்லாதே.

மிஜு: என்னடா?

ஹாசிரு: துறையில யாரு நிக்கறா, நிக்கலன்னு சொல்லாதே. நிக்கறான்னு சொன்னா நீ பொய் சொல்றேன்னு தோணும். நிக்கலன்னு சொன்னா என் கை நின்னுடும். எண்ணு. எண்ண மட்டும் செய்.

மிஜு: ...மூணு. நாலு. அஞ்சு.

ஹாசிரு: பலமா எண்ணு.

மிஜு: ஆறு! ஏழு! எட்டு!

ஹாசிரு: என்னடா கண்ணு கலங்குது உனக்கு?

மிஜு: உப்புத் தண்ணி தெறிச்சுது. ஒன்பது! ஒன்பது! ஒன்பது!

ஹாசிரு: ஒன்பதையே எத்தனை தடவடா சொல்லுவே...

மிஜு: நான் சொல்ற வரைக்கும் ஒன்பதுதான்! இழு! இழு! ...பத்து. விடு. துடுப்பை விடு மச்சான். கரை தட்டிடுச்சு. அவ்வளவுதான். வந்தாச்சு.

ஹாசிரு: இரு... திரும்பிப் பாக்க பயமா இருக்கு... மூச்சு வாங்கிக்கறேன்...

நுரிமா: பன்னெண்டு நிமிஷம்.

ஹாசிரு: நுரிமா...

நுரிமா: பத்து மணின்னு சொன்னேன். பன்னெண்டு நிமிஷம் ஆச்சு.

ஹாசிரு: தெரியும். என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். காஜி போயிட்டாரா?

நுரிமா: உள்ள உக்காந்து மரவள்ளிக் கசுவாமியும் மீனும் சாப்பிட்டுக்கிட்டிருக்காரு. அவரைப் பத்திக் கவலைப்படாதீங்க, இன்னும் ரெண்டு தட்டு உள்ள போகும்.

ஹாசிரு: கதவைச் சாத்திடுவேன்னு சொன்னியே... காத்திருக்க மாட்டேன்னு...

நுரிமா: காத்திருக்கல. மீன்காரம்மா வந்து "அங்க ஒரு பைத்தியக்காரன் முதுகைக் காட்டிக்கிட்டு வர்றான்"னுச்சு. ஏணி போட்டுக் கூரை மேல ஏறிட்டேன். அங்க இருந்து பாத்துக்கிட்டிருந்துட்டு, நீங்க கரைகிட்ட வந்ததும் இறங்கி வந்தேன். உங்க பந்தயம் ஒவ்வொண்ணையும் ரேடியோவுலதான் கேட்டிருக்கேன், ஒரு தடவகூடப் பாத்ததில்ல. இவ்வளவு நல்லாவா துடுப்பு போடுவீங்க?

ஹாசிரு: முன்னாடி இதைவிட நல்லாப் போடுவேன்.

நுரிமா: கைல என்ன ரத்தம்? கொடுங்க இப்படி. மிஜு அண்ணே, மோட்டாருக்கு என்ன வந்துச்சு?

மிஜு: அது... நான்தான்ம்மா. திட்டாதே. இவன் துடுப்பு போட்டு நீ பாத்ததே இல்லன்னு ஒரு நாள் சொன்னேல்ல? அதான் அரை பாட்டில் பெட்ரோலைக் குறைச்சு ஊத்தினேன். சரியா ரெண்டாயிரம் மீட்டர்ல நிக்கணும்னு ரெண்டு நாள் ஓட்டிப் பாத்துக் கணக்குப் போட்டேன். எங்க தப்பிச்சுதுன்னே தெரியல, நடுக்கடல்லயே நின்னு என் உயிரை எடுத்துடுச்சு.

ஹாசிரு: உன் கணக்கு தப்பலடா. கிளம்பறதுக்கு முன்னாடி தொப்பியை மறந்துட்டேன்னு நீ வீட்டுக்குள்ள ஓடினேல்ல? அப்ப நானும் டாங்க்ல இருந்து ஒரு அரை பாட்டிலை எடுத்துக் கீழ ஊத்திட்டேன். இத்தனை வருஷம் காக்க வெச்சவகிட்ட ஒரு தடவையாவது மூச்சு வாங்க வந்து நிக்கணும்னு ஆசையா இருந்துச்சு.